முன்சீட்டு விருந்தாளி

இர்பித்,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பாசமுள்ள மைத்துனன் மித்காலுக்கு,

உன் அக்காளைக் கட்டிய நாள்முதலாக உனக்கு மச்சானாக இருக்கும் ஃபவ்வாஸின் ஸலாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எனக்கு எழுதியிருந்த ஆயுளில் நீ கை வைத்த பிறகும் இதை மனதாரத்தான் கேட்கிறேன். இங்கே உன் அக்காள் நஜாஹ் நலம். உன் மருமகள் ருபா நெற்றியில் புடைப்போடு நலம். பள்ளி ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எப்படி இருந்தேனோ அப்படியே நானும் இருக்கிறேன், பசியும் தூக்கமும் மட்டும் இல்லை. உன் வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்கட்டும். உன் கடையில் நிற்கும் கார்களும் நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நீயே நேரில் வந்து உன் காரை ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஆளை அனுப்பாதே, நீ வா. வரும்போது பெல்ட் போட்டுக்கொண்டு வா. ஏன் என்று கீழே எழுதுகிறேன். பொறுமையாகப் படி, பாதியில் காப்பி குடிக்கப் போய்விடாதே, காப்பியும் இந்தக் கதையில் வருகிறது.

இந்தக் காரை என் தலையில் கட்டியபோது நீ என்ன சொன்னாய்? "மச்சான், இது டாக்டரம்மா ஓட்டின வண்டி, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேற எங்கயும் போனதில்ல" என்றாய். இந்த நாட்டில் விற்பனைக்கு வருகிற கார் அத்தனையும் ஒரு டாக்டரம்மா ஓட்டியதுதான், இத்தனை டாக்டரம்மாக்கள் இருந்தும் என் முழங்கால் வலிக்கு ஒருவரையும் பார்க்க முடிவதில்லை, அதுவும் இது அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கார், அங்கேயும் டாக்டரம்மாதானாம்! நான் நம்பினேன். கார் சோதனைக்காரன் அடிச்சட்டமான சேஸியின் நான்கு முனைகளையும் தட்டிப் பார்த்து, "நாலும் நல்லது!" என்று சத்தம் போட்டதும் நிக்காஹ் முடிந்ததுபோல இரு கையையும் உயர்த்தி அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன், அங்கே நின்றவர்களுக்கெல்லாம் குனாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நாலும் நல்லதுதான். அந்த நாலுக்கும் நடுவில் உட்காரப்போகும் மனிதர்களைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு அந்தக் காற்றுப்பை விளக்கு, ஏர்பேக் என்பார்களே, அதனுடையது. ஊரார் காரிலெல்லாம் சாவியைத் திருப்பியதும் அது சிவப்பாக ஒரு தரம் எரிந்து அணைகிறதே, நம் காரில் எரியவே இல்லையே என்று கேட்டேன். "கொறை இருந்தாத்தானே மச்சான் எரியும்? இதுல கொறையே இல்ல" என்றாய். அதையும் நம்பி, எதிர்வீட்டு அபூ ஸைஃபிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். காரோடு இலவசமாக, பெல்ட் முனையில் இருப்பதுபோல ஒரு வெள்ளி நாக்கும் கொடுத்தாய். அதைப் பூட்டில் செருகிவிட்டால் பெல்ட் போடாமலேயே எச்சரிக்கை மணி வாயை மூடிக்கொள்ளும் என்றாய். ஆகவே என் பக்கத்து பெல்ட் வருகிறதா, வரவில்லையா என்று நான் ஒரு நாள்கூட இழுத்துப் பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்? பக்கத்தில் உட்கார்ந்தவன் பெல்ட்டைத் தொட்டாலே, "என் கை மேல நம்பிக்க இல்லையா?" என்று ஓட்டுகிறவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஊர் நம்முடையது.

வினை முன்சீட்டில் ஆரம்பித்தது. முதல் வாரம், அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டிப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். ஆள் உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மணி அலறியது. அந்தப் பக்கத்து பெல்ட் நான் பார்த்த நாள்முதலாக வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளினால் போகாது, இழுத்தாலும் நீளாது. உன் அக்காளுக்கு அது பாதி உடம்புக்குக்கூட எட்டவில்லை, "எனக்கு இந்த சீட்டே வேணாம்" என்று அன்றே பின்னால் போய்விட்டாள். நான் அந்தப் பெல்ட்டை எடுத்து ரொட்டிக்கு முன்னால் கொண்டுபோய்ப் பூட்டில் மாட்டினேன். மணி நின்றது. அதைக் கழற்ற எனக்கு மறந்துபோயிற்று. ரொட்டியை எடுத்த பிறகும் பெல்ட் தொங்கிப் போகாமல், தோளும் நெஞ்சும் சிறிய தொப்பையும் உள்ள ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல வளைந்தே நின்றது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ரொட்டியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் வேகமாக மாடி ஏறினேன்.

மறுநாள் அபூ ஸைஃப் வீட்டுக்கு வந்தார். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி, தொடாமல், தனக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டார். எனக்குத் திக்கென்றது. கோரிக்கையை ஏற்கும்வரை குடிக்கமாட்டேன் என்று பெண் கேட்டு வருகிறவர்கள் வைப்பார்கள், கொலைப்பழியைச் சமாதானம் பேச வருகிறவர்கள் வைப்பார்கள். இவருக்கு என்னிடம் என்ன?

"சொல்லுங்க அபூ ஸைஃப், என்ன வேணும்?"

"உன் விருந்தாளி வந்து என் ஸலாமுக்குப் பதில் சொல்லணும். அப்பறம் குடிக்கிறேன்."

"எந்த விருந்தாளி?"

"நேத்து உன் காருல முன்னாடி ஒக்காந்திருந்தாரே, அவருதான். கண்ணாடிகிட்ட குனிஞ்சு ஸலாம் சொன்னேன். மனுஷன் திரும்பிக்கூட பாக்கல. நேரா ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. நான் என்ன காக்காவா கத்துனேன்?"

காரில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை என்றேன். என் முப்பது வருடப் பள்ளிக்கூட மரியாதையின்மேல் ஆணையிட்டேன். அவர் எழுந்தார். "ஆளையும் மறைக்கிறியா? சரி, காப்பி ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் ஒரு காப்பி வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் எத்தனை காப்பி ஆறிப்போயிருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

அடுத்தது போலீஸ்காரர். பல்கலைக்கழக ரவுண்டானாவில் நிறுத்தினார். சிறு வயசுக்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். "ஐயா, நீங்க படிச்ச மனுஷர் மாதிரி தெரியறீங்க. பக்கத்துல இருக்கிற பெரியவர் எவ்வளவு ஒழுங்கா பெல்ட் போட்டிருக்காரு, நீங்க ஏன் போடல?" என்றார். நான் பக்கத்தில் திரும்பினேன். சீட்டும் பெல்ட்டும்தான். நான் அவசரமாக என் பக்கத்து பெல்ட்டை இழுத்தேன். அது கதவுத் தூணில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு, ஒரு விரற்கடைகூட வரமாட்டேன் என்றது. நான் இழுத்துக்கொண்டிருக்க, போலீஸ்காரர் குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அபராதம் எழுத எடுத்த பேனா சட்டைப்பைக்குள் போயிற்று. "போங்க ஐயா, போங்க. அவரப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றார். அபராதத்திலிருந்து தப்பி இவ்வளவு வேர்த்த மனிதன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இனி நான் எழுதப்போவதை உன் கடைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டிச் சிரிக்காதே. நான் அந்த ஆளோடு பேச ஆரம்பித்தேன். கதவைத் திறந்ததும் ஒரு ஸலாம். பள்ளத்தில் இறங்கினால், "மன்னிக்கணும்." சந்தனக்கட்டையும் சாம்பிராணியும் புகைத்தேன், காருக்குள் இருமல் வந்தது எனக்குத்தான். கண்ணாடியில் கண்திருஷ்டிக்கு நீல மணி கட்டினேன். ஓதுகிறவர் ஒருவரைக் கூட்டி வந்து ஓதவும் வைத்தேன். இத்தனையும் செய்தேனே, ஒரு மெக்கானிக்கிடம் அந்தப் பெல்ட்டைக் காட்டினேனா? இல்லை. பெல்ட் உள்ளே போகவில்லை என்றால் ஜின் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கும் மூளைதான் எனக்கு இருந்திருக்கிறது, இந்த மூளையோடுதான் முப்பது வருடம் பள்ளிகளை ஆய்வு செய்திருக்கிறேன்.

எங்கள் ருபாவுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. ஒல்லிக்குச்சி, உனக்குத் தெரியுமே. குளிர்காலக் கோட்டோடு முன்சீட்டில் உட்கார்ந்து அந்தப் பெல்ட்டை மாட்டினாள். அச்சு அசலாகப் பொருந்தியது. "பாருங்க வாப்பா, எனக்குன்னே தெச்சு வச்ச மாதிரி இருக்கு!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கு அளவெடுத்ததோ அது என்றுதான் தோன்றியது. ஆனாலும் அவளை அதில் உட்கார வைத்துத்தான் தினமும் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன ஞாயிறு வெயில் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கோட்டின் இடம் அத்தனையும் பெல்ட்டுக்கும் அவளுக்கும் நடுவில் காலியாக இருந்தது. பெல்ட் உள்ளே இழுத்துக்கொள்ளவா செய்யும்? அதுதான் செத்த பெல்ட் ஆயிற்றே. இறக்கத்தில் தண்ணீர் லாரி ஒன்று முன்னறிவிப்பில்லாமல் நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன். லாரியைத் தொடவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான், ஆனால் என் பிள்ளை அந்தக் காலி இடம் முழுவதும் முன்னால் பறந்து போய் நெற்றியால் டாஷ்போர்டை முட்டினாள். முட்டிய இடத்தில் காற்றுப்பையின் மூடி படாரென்று திறந்துகொண்டது. பசையால் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்! உள்ளே என்ன இருந்தது தெரியுமா மித்கால்? கிழிந்த சாக்கு, கொஞ்சம் மெத்தைப் பஞ்சு, ஒற்றைக் காலுறை ஒன்று. உயிரைக் காக்கிற பை இருக்கவேண்டிய இடத்தில் எவனுடைய காலுறையோ! ருபா நெற்றியைப் பிடித்துக்கொண்டு அதை எடுத்துப் பார்த்து, "டாக்டரம்மாவுக்குப் பெரிய காலு வாப்பா" என்றாள். அவளுக்கு விளையாட்டு. நான் வண்டியை ஓரம் கட்டி அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்காள் பிள்ளையின் நெற்றிக்கு ஐஸ் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். விபத்துப் பிரிவில் நர்ஸாக இருந்தவள், அவள் கண் வேறு. என் பக்கத்து பெல்ட்டை ஒரு இழு, அந்தப் பக்கத்து பெல்ட்டை ஒரு இழு. பிறகு சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"இந்த வண்டி பலமா முட்டியிருக்குங்க."

"நாலும் நல்லதுன்னானே!"

"வண்டிக்கு நல்லதா இருக்கும். கேளுங்க. முட்டுன அந்த நொடியில பெல்ட்டோட அடிவாரத்துல ஒரு சின்ன வெடி வெடிக்கும். பெல்ட்ட வெடுக்குன்னு உள்ள இழுத்து ஆள சீட்டோட சேத்துப் புடிச்சிக்கும். ஒரு தடவ வெடிச்சா அதோட வேல முடிஞ்சுது. அப்பறம் முன்னயும் வராது, பின்னயும் போகாது. எந்த அளவுல இருந்துச்சோ அப்படியே நின்னுடும்."

"அப்ப இது?"

"இதுக்குள்ள ஒரு ஆள் இருந்திருக்காங்க. இது அவங்க அளவு."

"அப்ப என் பக்கத்துது தூணோட ஒட்டிக் கெடக்கே?" என்று கேட்டேன்.

"வெடிச்சப்ப அதுக்குள்ள யாரும் இல்ல" என்றாள் நஜாஹ். "சீட்டுல ஆள் இருந்தாரு. பெல்ட்டுக்குள்ள இல்ல."

காற்றுப்பை இருந்திருக்குமே, அது அவரைப் பிடித்திருக்காதா என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது என்ன தலகாணின்னு நெனச்சீங்களா? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள விரிஞ்சு வர்ற அறைங்க அது. பெல்ட் ஆளப் புடிச்சு வச்சிருந்தாத்தான் அந்த அறை தலகாணியாகும். பெல்ட் போடாதவங்க பை விரியறதுக்குள்ள பாதி தூரம் வந்துடுவாங்க, அது மூஞ்சியிலயே வெடிக்கும். ரெண்டும் சேந்துதான் ஒரு வேல. வார்டுல நான் பாத்திருக்கேன். தோள்லேந்து இடுப்பு வரைக்கும் பட்டையா நீலம் பாஞ்சு வர்றவங்க, 'ஐயோ உம்மா, வலிக்குதே'ன்னு கத்திக்கிட்டே வருவாங்க. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு உயிர் வரும். சத்தமே இல்லாம வர்றவங்க ஒடம்புல அந்தப் பட்டை இருக்காது."

மாடியிலிருந்து ஐஸ் துணியோடு இறங்கி வந்த ருபா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப பெல்ட்டு போட்டவங்க பொழச்சிருப்பாங்க. இப்ப எங்கயோ ஒக்காந்து காப்பி குடிச்சிட்டிருப்பாங்க. அப்படின்னா நம்ம முன்சீட்டுல இருக்கிறது…" என்று இழுத்தாள். எனக்குக் கணக்கு ஓடிவிட்டது. ஓட்டியவர் போய்விட்டார். அவர் சீட்டில் நான் உட்கார்ந்துகொண்டேன். பாவம், அவர் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்திருக்கிறார். நகர்ந்ததும் முதல் வேலையாகப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஊரிலேயே ஒருவரும் சொல்லாமல் பெல்ட் போடுகிற ஒரே ஆள் செத்துப்போனவர்தான் மித்கால்!

பயப்படாதே. இது ஒரு நிமிடப் புத்தி மயக்கம்தான், நான் படித்தவன், தெளிந்துவிட்டேன். உண்மை இவ்வளவுதான்: விறைத்துப்போன ஒரு பெல்ட், கண்ணாடியில் வெயில், கிட்டப்பார்வை அபூ ஸைஃப், பகல் முழுக்க நின்று களைத்த ஒரு போலீஸ்காரர். பிள்ளைக்குத் தேர்வு நடப்பதால் நீ வரும்வரை காத்திருக்க முடியவில்லை. மெக்கானிக் நார்த்திடம் விட்டு இரண்டு பெல்ட்டையும் கழற்றிப் புதிது போட்டாயிற்று, இரண்டு காற்றுப்பையும் புதிது, விளக்கின் வயரை யாரோ துண்டித்து வைத்திருந்ததையும் சரிசெய்தாயிற்று. இப்போது சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்து, "நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அணைகிறது. நார்த் அந்தப் பழைய பெல்ட்டைக் கத்தியால் அறுத்துப் போட்டபோது நானும் நின்றேன். அது துவண்டு விழும் என்று பார்த்தேன். விழுந்த பிறகும் அந்த வளைவு போகவில்லை. நார்த் அதைக் கையால் தொடாமல் காலால் ஓரமாகத் தள்ளினான்.

கார் சரியாகிவிட்டதே, பிறகு ஏன் திருப்பி எடுக்கச் சொல்கிறேன் என்பாய். உன் மருமகளை ஒரு காலுறைக்கு முன்னால் உட்கார வைத்தாயே, அதற்கு. தெரியாது என்று சொல்லாதே, ஒட்டிய பசை உனக்குத் தெரியும். உன் கடையில் நிற்கிற மற்ற டாக்டரம்மா வண்டிகளை இன்றே திற. உள்ளே சாக்கும் பஞ்சும் இருந்தால் புதுப் பை பொருத்திய பிறகு விற்பனை செய். ஒவ்வொன்றிலும் ஒரு ருபா உட்காரப்போகிறாள். வெள்ளிக்கிழமை நீ வராவிட்டால் நான் அங்கே வந்து உன் வாசலில் உட்கார்ந்து, உன் காப்பியைத் தொடாமல் கீழே வைப்பேன்.

மற்றபடி உன் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். பாட்டனார் பெயர் வைத்த சின்னவனுக்கு என் முத்தம். அல்லாஹ் உன் வியாபாரத்தில் பரக்கத்தையும், உன் நெஞ்சில் கொஞ்சம் பயத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
ஃபவ்வாஸ்

பின்குறிப்பு: காரைத் திருப்பி எடுக்கச் சொன்னதை மட்டும் மறந்துவிடு, விருந்தாளி உள்ள காரைக் கொடுத்தனுப்புவது முறையில்லை. வருவதானால் பஸ்ஸில் வா. உறையை ஒட்டும் நேரத்தில் அபூ ஸைஃப் வந்தார். நான் ஊற்றிய காப்பியை ஒரே மூச்சில் குடித்து, இன்னொன்று கேட்டு அதையும் குடித்தார். "உன் விருந்தாளி நல்ல மனுஷன்யா, நான்தான் தப்பா நெனச்சுட்டேன். இப்ப கீழ ஸலாம் சொன்னேன், நெஞ்சுல கை வச்சு அழகா பதில் சொன்னாரு. ஆமா, வயசானவர ஏன் பின்சீட்டுல தள்ளிட்ட? பெல்ட்டு வேற இல்லாம ஒக்காந்திருக்காரு" என்றார். கீழே போனேன். ருபா தேர்வுக்குப் போக முன்சீட்டில் புது பெல்ட்டோடு காத்திருந்தாள், பின்னால் யாரும் இல்லை. பின்சீட்டுப் பூட்டு நீ போட்டுக் கொடுத்த சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது. முழங்கை வரை உள்ளே விட்டுத் தோண்டி வெளியே எடுத்தேன். பெல்ட்டை இழுத்து மாட்டப் போனேன். "டக்" என்று பூட்டு மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. பெல்ட்டின் நாக்கு இன்னும் என் இடது கையில்தான் இருந்தது. "போட்டாச்சா வாப்பா? போலாமா?" என்றாள் ருபா. "போட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் என் சீட்டில் உட்கார்ந்து என் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.